இரு மலைகள், ஒரு ஞாயிறு



இலங்கையின் ஹட்டன் மலைச்சாரலும் தமிழ்நாட்டின் குன்னூர் மலைச்சாரலும் ஏறக்குறைய நான்கு பாகை தீர்க்கரேகை இடைவெளியில் அமைந்துள்ளன. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். ஆதலின், ஹட்டனில் ஞாயிறு உச்சிக்கு வந்து சுமார் 15 நிமிடம் சென்ற பின்னரே குன்னூரில் உச்சிப்பொழுது ஆகின்றது. இஃது இயற்கையின் கணக்கு. அரசுகள் வகுத்த கணக்கோ வேறு.

முற்காலத்தில் ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டது. 1906ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச் நேரத்தினும் ஐந்தரை மணி முந்திய பொது நேரத்தை ஏற்றன. அந்நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை அலகாபாத்துக்கு அருகே செல்வது. இவ்விரு மலைகளில் எதனையும் அது தொடுவதில்லை. எனினும் இரண்டிடத்தும் கடிகாரம் ஒன்றாயிற்று.

தோட்டத் தொழிலாளிக்கு அந்நாளில் கடிகாரம் ஏது? விடியுமுன் லயங்களில் முழங்கிய தப்பொலியே அவர்தம் கடிகாரம். அது கேட்டு எழுந்து, பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு ஏறுவர். ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். வேலை குறைந்தால் 'அரைப்பேர்'. ஆகவே, நேரம் என்பது அவர்களுக்குக் கூலியின் மறுபெயராகவே இருந்தது.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சியோரைப் பின்னர் முடிவு செய்வதென்றும் அது வகுத்தது. உடன்பிறந்தார் இரு நாட்டினர் ஆயினர். தாயகம் திரும்பியோர்க்காக 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அக்காள் ஹட்டனிலும் தங்கை குன்னூரிலும் கொழுந்து கொய்த காலம் அது. கடல் பிரித்த அவர்களைக் கடிகாரம் பிரிக்கவில்லை.

அந்த ஒற்றுமையும் 1996இல் குலைந்தது. மழை பொய்த்தது, மலையக நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்சாரம் அருகியது. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்கக் கருதி, மே 25ஆம் நாள் இலங்கையின் கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அக்டோபர் 26ஆம் நாள் அதில் அரைமணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் வரை ஹட்டனின் கடிகாரம் குன்னூரினும் அரைமணி முந்தியே ஓடியது.

காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் ஹட்டனுக்கு அண்மையில் உள்ளவை. மலையின் நீரே நாட்டுக்கு ஒளியூட்டியது. ஆயினும், அந்நாளில் பல லயங்களில் மின்விளக்கு இல்லை. மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்சாரமே இல்லாத வீட்டில் சேமிப்பதற்கு என்ன இருக்கிறது? 1996 சூனில் ஹட்டனில் ஞாயிறு எழுகையில் கடிகாரம் ஏழு மணியை நெருங்கியிருந்தது. பள்ளி மணிக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டிய தாய்க்கு, மிச்சமாயிற்று என்ற மாலை வெளிச்சம் விடியல் இருளாகத் திரும்பி வந்தது. விளக்கெண்ணெய்ச் செலவும் அவளுடையதே.

2006இல் இரு கடிகாரங்களும் மீண்டும் இணைந்தன. நேரத்தைத் தலைநகரங்கள் வகுக்கின்றன. அதனை முதலில் சுமப்போர் விடியுமுன் எழுவோர். கடிகார முள்ளை நகர்த்த எண்ணும் கை, அவர்களது அடுப்படியையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.