தலகணி வைச்சு ஓட்டின கார்

சித்திக்கு ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. அவ கார் பழகினது அம்மப்பாவின் மொறிஸ் மைனரில். முதுகுக்குப் பின்னால ஒரு தலகணி, கீழ நாலாய் மடிச்ச போர்வை. தலகணி இல்லாட்டி கிளச் முழுசா அமத்த ஏலாது, போர்வை இல்லாட்டி பொனற்றுக்கு அங்கால றோட்டு தெரியாது. அண்மையில் அவ ஒரு புதுக்கார் எடுத்தா. பார்க்கப் போனால், முன் சீற்றில அதே தலகணி இருக்குது. "பழகிப்போச்சு பிள்ளை" எண்டா.

சீற்றின் பக்கத்தில் இருந்த நெம்பை இழுத்து இழுத்து உயர்த்தலாம் என்று அவவுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. விற்றவர் பாட்டுப் பெட்டியைப் பற்றி அரை மணித்தியாலம் விளக்கினவராம்.

அந்த நெம்பு காருக்குள் வந்து சேர்ந்த பாதை நான் நினைத்ததைவிட நீளமானது.

1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முச்சக்கர வண்டியில் இருந்தது குதிரை வண்டியின் பலகை இருக்கைதான். ஸ்டியரிங் வளையம் கிடையாது, திருப்புவதற்கு ஒரு கைபிடி. 1888 ஓகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றர் அளவில் ஓட்டிக்கொண்டு போனார். காரில் நெடுந்தூரம் போன முதல் ஆள் ஒரு பெண். இதை ஞாபகத்தில வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

ஃபோர்டின் மாடல் ரீ 1908 இல் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றார்கள். அதன் பெரும்பாலான வகைகளில் பெற்றோல் தாங்கி முன் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. எண்ணெய் அடிக்க வேணுமெண்டால் ஓட்டுபவர் இறங்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறக்க வேண்டும். தாங்கிக்கு மேல் போட்ட மெத்தையை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்துவது எப்படி? கால் எட்டாதவர் தலகணி வைத்தார், கால் நீண்டவர் முழங்காலை மடக்கினார். காருக்கு ஏற்றபடி ஆள் வளைந்தார். அதை யாரும் குறையாக நினைத்ததாகவும் தெரியவில்லை. அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணவே கையால் சுற்ற வேண்டியிருந்த காலம், இருக்கையைப் பற்றி யார் முறைப்பாடு செய்வார்கள்!

எங்களுக்கு நெருக்கமான காருக்கு வருவம். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் கண்ணில் படுகிற மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959 இல் வந்த மினியும் அவருடைய கைவேலைதான். குறைந்த இடத்துக்குள் நான்கு பேரை இருத்துவதில் அவர் மகா கெட்டிக்காரர். ஆனால் ஓட்டுநர் மிகவும் சொகுசாக இருக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். சாய்ந்து கிடந்தால் தூக்கம் வரும், நிமிர்ந்து கொஞ்சம் அவதிப்பட்டு இருந்தால்தான் விழிப்பாக ஓட்டுவான் என்று நம்பினார். மினியின் ஸ்டியரிங் பஸ்ஸில் போல மல்லாந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த இருப்பு விளங்கும். எனக்கு இசிகோனிஸில் மரியாதை உண்டு. ஆனால் முதுகு நோவால் வருவது விழிப்பு அல்ல, எரிச்சல்.

இத்தாலியில் வேறு கதை. 1950 இல் ஃபோர்முலா வண்ணின் முதலாவது உலகச் சம்பியனான ஜுசெப்பே ஃபரீனா, பின்னால் சாய்ந்து இரண்டு கையையும் நேராக நீட்டிப் பிடித்து ஓட்டுவார். பார்க்க அழகு, பலரும் அப்படி இருந்து பழகினார்கள். பந்தயப் பாதையில் சரி. வீதிக் கார்களிலோ இத்தாலியத் தயாரிப்பு என்றாலே நீண்ட கையும் கட்டைக் காலும் உள்ளவனுக்குச் செய்தது என்று பகிடி விடுகிற நிலை பல வருடம் இருந்தது.

அளந்து பார்ப்பது என்ற எண்ணம் காரைவிட விமானத்தில்தான் கூர்மையாக வந்தது. அமெரிக்க வான்படையின் விமானி அறைகள் 1926 இல் எடுத்த சராசரி அளவுகளை வைத்துக் கட்டப்பட்டவை. விமானங்கள் வேகமாகிய பிறகு காரணம் பிடிபடாத விபத்துகள் கூடின. ஆட்கள் வளர்ந்துவிட்டார்களோ என்ற சந்தேகத்தில் 1950 இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளைத் திரும்ப அளந்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் கில்பேர்ட் டானியல்ஸ் என்ற இளம் லெப்டினன்ட். எல்லாரும் புதிய சராசரியைத் தேட, அவர் வேறொரு கேள்வி கேட்டார்: உண்மையில் எத்தனை பேர் சராசரி? உயரம், நெஞ்சுச் சுற்றளவு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் நடுவில் இருக்கும் முப்பது வீதத்தினரைச் சராசரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக வந்தவர்கள் 4063 பேரில் ஒருவரும் இல்லை.

ஒருவர்கூட இல்லை! சராசரி ஆளுக்குச் செய்த அறை ஒருவருக்கும் செய்யாத அறை. வான்படை அதன் பிறகு ஆசனம், மிதி, பட்டி எல்லாம் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. முடியாது, காசு கூட என்றார்கள் முதலில். பிறகு செய்தார்கள். ஆனால் கவனியுங்கோ, அளக்கப்பட்ட அந்த நாலாயிரம் பேரும் ஆண்கள்.

கார்த் தொழிலும் மெல்ல அளவுகோலைக் கையில் எடுத்தது. 1960களில் அமெரிக்கப் பொறியியலாளர்கள் இடுப்பு மூட்டு வரும் புள்ளியை மையமாக வைத்து காரின் உள்பக்கத்தை வரையத் தொடங்கினார்கள். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க, பாரம் ஏற்றிய ஒரு மனித உருவத்தை ஆசனத்தில் இருத்துவார்கள். கண் எங்கே வரும், கை எதுவரை எட்டும், கூரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்த இடுப்பிலிருந்துதான். அந்த உருவத்தின் உடம்பும் ஆணின் உடம்பே. 1963 இல் ஜெனரல் மோட்டர்ஸ் மேலும் கீழும் சரிக்கக்கூடிய ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. மிதிகள் மட்டும் அசையாமல் இருந்தன. 1990களின் கடைசியில்தான் ஃபோர்ட் சில பெரிய வாகனங்களில் நகரும் மிதிகளை வைத்தது.

இதுவரைக்கும் விசயம் நாரி நோவு, கால் விறைப்பு, அவ்வளவுதான். காற்றுப்பை வந்ததும் அது உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

அமெரிக்காவில் அன்றைய விதிப்படி, பட்டி போடாத நடுத்தர உயர ஆணின் உருவத்தைக் காற்றுப்பை காப்பாற்ற வேண்டும். அதற்குப் பை மிக வேகமாக, மிகப் பலமாக வெடித்து விரிய வேண்டியிருந்தது. மிதி எட்டுவதற்காக ஸ்டியரிங்குக்குக் கிட்ட ஒட்டி இருந்த கட்டையான பெண்கள் சிலர், மெதுவான மோதல்களில் அந்தப் பையாலேயே இறந்துபோனார்கள். முன் சீற்றில் இருந்த சிறுபிள்ளைகளும் இறந்தார்கள். 1990களின் பிற்பாதியில் பையின் பலம் குறைக்கப்பட்டது. ஸ்டியரிங்கின் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் இடையில் பத்து அங்குலம், அதாவது 25 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும் என்ற அறிவுரை அப்போது பரவியதுதான்.

1976 இல் ஜெனரல் மோட்டர்ஸ் உருவாக்கிய ஹைபிரிட் 3 என்ற சோதனைப் பொம்மைக்கு 175 சென்ரிமீற்றர் உயரம், 78 கிலோ அளவில் எடை. பல நாடுகளின் மோதல் சோதனைகளில் பல பத்தாண்டுகள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் இவர்தான். பெண் பொம்மையும் இருந்தது, ஆனால் அது மிகச் சிறிய உடம்பு. அமெரிக்காவின் முன்மோதல் தரச் சோதனையில் அதைப் பக்கத்துச் சீற்றில் இருத்தினார்கள். பெர்த்தா பென்ஸை ஞாபகம் வைச்சிருங்கோ எண்டு சொன்னது இதுக்குத்தான்.

பட்டி போட்ட பெண் ஓட்டுநர்களுக்குப் பாரதூரமான காயம் வரும் சாத்தியம் ஆண்களைவிட 47 வீதம் கூட என்று 2011 இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. இந்த இலக்கத்தை அப்படியே எடுத்து வீசுவது சரியில்லை. பெண்கள் கூடுதலாகச் சின்னக் கார்களை ஓட்டுகிறார்கள், அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதிக்கு அதுவும் மோதும் விதமும்தான் காரணம் என்று 2021 இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. ஆனால் முழங்காலுக்குக் கீழே வரும் காயங்களில் இடைவெளி மறையவில்லை. சராசரிப் பெண்ணின் அளவில், 162 சென்ரிமீற்றர் 62 கிலோவில், சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்டரின் குழு ஒரு பொம்மையைக் காட்டியது 2022 இல்.

அதே சுவீடனில் 2004 இல் வொல்வோ ஒரு மாதிரிக் காரை ஜெனீவாக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. முழுக்கப் பெண்கள் குழு வடிவமைத்தது. வாங்குபவரின் உடம்பை விற்பனை நிலையத்திலேயே அளந்து, அந்த அளவைச் சாவியில் பதிந்துவிடுவது அவர்களுடைய திட்டம். கதவைத் திறந்து இருந்தால் ஆசனம், ஸ்டியரிங், மிதி, பட்டி எல்லாம் அவருக்கேற்ப நகரும். தலைமுடியைக் குதிரைவாலாகக் கட்டியவருக்குத் தலைதாங்கியில் இடமும் விட்டிருந்தார்கள். கார் சந்தைக்கு வரவில்லை.

சித்தியிடம் அப்படி ஒரு சாவி இல்லை, ஒரு பின்னேரம்தான் இருந்தது. முதலில் தலகணியை எடுத்தோம். நாரியைச் சீற்றின் மூலையோடு ஒட்ட வைத்து, கிளச்சை அடிவரை அமத்தினால் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கும் அளவுக்கு முன்னுக்கு இழுத்தோம். வீதி நல்லாத் தெரியும் வரை உயர்த்தினோம். உயர்த்தினதும் கால் திரும்ப எட்டாமல் போக, இன்னும் ஒரு பல் முன்னுக்கு. முதுகுப் பலகையை நிமிர்த்தி, தோள் கழராமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் தொடுகிறதா என்று பார்த்தோம். தலைதாங்கியின் மேல்விளிம்பை உச்சந்தலை மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். கண்ணாடிகள் கடைசி, ஏனெண்டால் இருப்பு மாறினால் அவை எல்லாம் திரும்ப மாறும்.

பிறகு தையல் நாடாவைக் கொண்டுவந்து நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் அளந்தேன். 21 சென்ரிமீற்றர். ஸ்டியரிங் மேலும் கீழும் போகும், உள்ளுக்குப் போகாது. முதுகைக் கொஞ்சம் சாய்த்ததில் 23 வந்தது. அதுக்கு மேல கிளச் விடேல்ல.

"ரெண்டு சென்ரிமீற்றர்தானே, விடு" எண்டு சித்தி ஸ்டார்ட் பண்ணினா. தலகணி பின் சீற்றுக்குப் போனது. நான் வீட்டுக்கு வந்து, மிதியில் பொருத்தும் தட்டு இந்தக் காருக்கு எங்கே எடுக்கலாம், கட்டினால் லைசன்ஸ்காரர் பிரச்சினை குடுப்பாங்களோ எண்டு தேடிக்கொண்டிருக்கிறன்.