எளிமையும் எல்லையும்: தொழிற்பாதுகாப்புச் சட்டச் சீர்திருத்த வரலாற்றில் இராஜபாளையம் வட்டாரம் (1881–2025)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தொழிற்பாதுகாப்புச் சட்டங்களைச் சீர்திருத்தி எளிமையாக்கும் முயற்சி 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தால் ஒரு கட்டத்தை எட்டியுள்ளது. பல சட்டங்களை ஒன்றாக்குவதும், ஒரு சட்டம் யாரைக் காக்கும் என்னும் எல்லையை மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள். இவ்விரண்டும் ‘எளிமை’ என்னும் ஒரே பெயரில் நிகழ்வதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. நூற்பாலைகளும் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களும் அருகருகே இயங்கும் இராஜபாளையம் – திருவில்லிபுத்தூர் வட்டாரம் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொழிற்சாலைகள் சட்டம், பஞ்சுத்தூசி, விசைத்தறி, ஆள் எண்ணிக்கை வரம்பு, சட்ட எளிமையாக்கம், இராஜபாளையம்.

முன்னுரை

திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய நகரங்களும் அவற்றை ஒட்டிய வன்னியம்பட்டி முதலிய சிற்றூர்களும் அடங்கிய நிலப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை ஒட்டி அமைந்துள்ளது. நெல்லும் பருத்தியும் விளைந்த இப்பகுதியில் 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் நூற்பாலையைத் தொடங்கினார். அடுத்துள்ள சத்திரப்பட்டியும் அதன் சுற்றூர்களும் பின்னாளில் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றன. பல நூறு பேர் பணியாற்றும் ஆலையும், ஒரு குடும்பத்தாரும் சில கூலியாள்களும் இயக்கும் தறிக்கூடமும் சில கல் தொலைவுக்குள் இங்கு அமைந்துள்ளன. இரண்டிலும் கையாளப்படுவது பருத்தியே. ஆயினும் தொழிற்சாலைகள் சட்டத்தின் பார்வையில் முன்னது தொழிற்சாலை. பின்னது பெரும்பாலும் தொழிற்சாலை அன்று. இவ்வேறுபாடு தோன்றிய வகையையும் அண்மைய சீர்திருத்தம் அதனை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. எண்ணிக்கையில் எழுதப்பட்ட வரலாறு (1881–1934)

இந்தியாவின் முதல் தொழிற்சாலைகள் சட்டம் 1881ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இந்திய ஆலைகளின் போட்டியை அஞ்சிய லங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலும், இங்கிருந்த சீர்திருத்தவாதிகளின் கோரிக்கையும் அதன் பின்னணியில் இருந்தன. இயந்திர ஆற்றலுடன் 100 பேருக்குக் குறையாமல் பணியாற்றிய இடங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு அமைக்கப் பணித்தது. தனி ஆய்வாளர் அமர்த்தப்படாத இடங்களில் மாவட்ட நடுவரே ஆய்வாளராகக் கருதப்பட்டார்.

1891ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை 50 ஆகக் குறைத்தது. 1922ஆம் ஆண்டுத் திருத்தம் 20 ஆகக் குறைத்தது. விட்லி தலைமையிலான அரச ஆணையம் 1931இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1934ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணி நேரமே வேலை என அது வரையறுத்தது. இராஜபாளையம் நூற்பாலை இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் தோன்றியதே.

சட்ட வாசகத்திற்கும் ஆலைத் தளத்திற்கும் இடையிலான தொலைவு இக்காலத்திலேயே தென்பட்டது. வார விடுமுறையை 1891ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியிருந்தது. எனினும் 1908இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர் துணைநிற்கத் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு ஆகியவற்றுடன் வார விடுமுறையும் கோரிக்கையாக இடம்பெற்றது. சட்டம் வழங்கிப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே உரிமையைப் போராடிப் பெற வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முயற்சியால் தோன்றியபோதும், உணவு இடைவேளையின் குறுகிய அளவு தொழிலாளரின் முதன்மையான குறைகளுள் ஒன்றாக இருந்தது. சட்டம் எழுதப்படுவதும் நடைமுறைக்கு வருவதும் இரு வேறு நிகழ்வுகள் என்பதை இவை உணர்த்துகின்றன.

2. விரிந்த சட்டம்: 1948ஆம் ஆண்டுச் சட்டமும் சென்னை விதிகளும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இயந்திர ஆற்றல் உள்ள இடங்களில் 10 பேர், இல்லாத இடங்களில் 20 பேர் என வரம்பு தாழ்ந்தது. வார வேலை நேரத்திற்கு 48 மணி என்பதே உச்ச அளவாக இருந்தது. சில நாள்களில், ஏப்ரல் 6 அன்று, இராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றார். இச்சட்டத்தைச் செயற்படுத்துவதற்கான சென்னைத் தொழிற்சாலைகள் விதிகள், 1950 அவருடைய ஆட்சிக் காலத்திலேயே வெளிவந்தன.

இச்சட்டத்தின் நீளமும் நுணுக்கமும் பிற்காலத்தில் குறையாகப் பேசப்பட்டன. ஆனால், நூற்பாலையை மனத்திற்கொண்டு படிக்கும்போது பல பிரிவுகளின் தேவை விளங்கும். பிரிவு 14 தூசியையும் புகையையும் வெளியேற்றப் பணித்தது. பிரிவு 15 செயற்கையாகக் காற்றை ஈரப்படுத்துவதை ஒழுங்குபடுத்தியது. நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் கூட்டப்படும் ஆலையில் இது தொழிலாளரின் உடல்நலம் சார்ந்த செய்தி. பிரிவு 22, ஓடும் இயந்திரத்தை ஆராய்வோர் பயிற்சி பெற்றவராகவும் உடலோடு ஒட்டிய உடை அணிந்தவராகவும் இருக்க வேண்டும் என்றது. பிரிவு 27 பஞ்சு பிரிக்கும் எந்திரம் இயங்கும் பகுதியில் பெண்களையும் குழந்தைகளையும் அமர்த்துவதைத் தடை செய்தது. இத்தகைய நுணுக்கங்கள் விபத்துகளின் பட்டறிவிலிருந்து திரண்டவை.

சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகப் பிஸினோசிஸ் எனப்படும் பஞ்சுத்தூசி நுரையீரல் நோயைச் சேர்த்திருந்தது. வார விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது இதன் தொடக்க அடையாளம். பல்லாண்டு தூசியில் உழைத்தோர்க்கு மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். விபத்தைப் போல ஒரே நாளில் வெளிப்படாத இந்நோய், ஆய்வும் பதிவும் இல்லாத இடத்தில் ஆவணத்தில் ஏறாமலே போய்விடுகிறது.

குறிப்பிடத்தக்க மற்றொன்று பிரிவு 108. சட்டம், விதிகள் ஆகியவற்றின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தொழிலாளரில் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் நுழைவாயில் அருகே காட்சிப்படுத்த வேண்டும் என அது கூறியது. சட்டத்தை எளிமையாக்கும் எண்ணம் 1948இலேயே இருந்தது என்பதற்கு இது சான்று. அந்த எளிமை தொழிலாளரை நோக்கியது.

1984ஆம் ஆண்டுப் போபால் நச்சுவாயு விபத்திற்குப் பின் 1987இல் ‘அபாயகரமான செயல்முறைகள்’ பற்றிய தனி இயல் சேர்க்கப்பட்டது. அத்தகைய தொழிற்சாலைகளில் தொழிலாளரும் நிருவாகத்தினரும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழு கட்டாயமாயிற்று.

3. வரம்புக்கு வெளியே: தறிக்கூடம்

சட்டம் விரிந்தபோதும் பத்துக்குக் குறைவான ஆள்களைக் கொண்ட கூடங்கள் வெளியே நின்றன. பிரிவு 85இன் கீழ் மாநில அரசு அறிவிக்கை வாயிலாக அவற்றையும் உட்படுத்த இடமிருந்தது. எனினும் இயல்பு நிலை விலக்காகவே இருந்தது. கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் ஓயாத இரைச்சல், பறக்கும் இழைத்துகள், தடுப்பற்ற பட்டைகள் ஆகியன நாளாந்தச் சூழல். அங்கு நெய்யப்படுவது பிறர் புண்ணை ஆற்றும் துணி. நெய்வோரின் செவியும் நுரையீரலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வரம்பு என்பது எண்ணிக்கையை மட்டும் குறிப்பதன்று; தொழில் அமைப்பையே வடிவமைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஒரே முற்றத்தில் இயங்கும் தறிகளை இரண்டு மூன்று பெயர்களில் பிரித்துக் காட்டினால் சட்டம் விலகிவிடும். ஆகவே வரம்பை உயர்த்துவது, ஏற்கெனவே வெளியே உள்ளோரை அவ்வாறே விடுவதோடு, உள்ளே இருப்போரை வெளியேற்றவும் தூண்டுகோலாகலாம்.

மறுபுறம், சட்டங்கள் பலவாக இருப்பதே பாதுகாப்பு என்று கொள்ளவும் இயலாது. இதே விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசிப் பட்டாசுத் தொழில் வெடிபொருள் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், மாவட்ட நிருவாகம் எனப் பல அதிகாரங்களுக்கு உட்பட்டிருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதிமீறல்களுக்காக அவ்வாலையின் உரிமம் ஏற்கெனவே இடைநிறுத்தப்பட்டிருந்ததாக அக்காலச் செய்திகள் பதிவு செய்துள்ளன. அதிகாரிகள் பலராயினும் பொறுப்பு ஒருவரிடமும் முழுமையாகத் தங்காத நிலையை இது காட்டுகிறது. எனவே, சட்டங்களை ஒருங்கிணைக்கும் வாதத்தில் உண்மை உண்டு.

4. இரு நாடுகளின் பட்டறிவு

பிரிட்டனில் 1970இல் அமைக்கப்பட்ட ராபென்ஸ் குழு 1972இல் தன் அறிக்கையை அளித்தது. சட்டங்கள் மிகப் பல, அவை சிதறிக் கிடக்கின்றன, அவற்றின் பெருக்கமே அக்கறையின்மையை வளர்க்கிறது என்பன அதன் முடிவுகள். அதன் விளைவாக வந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கடமைகளைச் சுருக்கமாக வகுத்தது. அச்சட்டம் பணியாளர் எண்ணிக்கை வரம்பை வைக்கவில்லை. ஒருவரை வேலைக்கு அமர்த்தியவருக்கும் கடமை உண்டு. தொழிற்சங்கங்கள் அமர்த்தும் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கான விதிகளும் பின்னர் நடைமுறைக்கு வந்தன. அதாவது சட்ட நூல் சுருங்கியது. காப்பின் பரப்பு விரிந்தது.

அமெரிக்காவில் 1978இல் பஞ்சுத்தூசிக்கென்றே தனி நெறிமுறை வகுக்கப்பட்டது. நூல் தயாரிப்பில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசியே இருக்கலாம் என அது வரையறுத்தது. செலவையும் பயனையும் எடைபோட்ட பின்னரே இத்தகைய நெறியை விதிக்கலாம் என ஆலைத்துறையினர் தொடுத்த வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1981இல் ஏற்கவில்லை. பொதுக் கடமை மட்டும் போதாத இடங்களில் அளவு குறித்த நுணுக்க விதி தேவை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

5. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம்

தொழிலாளர் சட்டங்களை ஒருங்கிணைக்கும் பரிந்துரையை இரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாம் தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002இல் அளித்தது. தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020 செப்டம்பர் 28 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், கட்டுமானம், பீடித்தொழில் முதலியன பற்றிய 13 சட்டங்கள் இதனுள் அடங்கின.

இதன் நன்மைகளை மறுக்க இயலாது. ஒரே பதிவு, ஒரே உரிமம் என்னும் முறை சிறு தொழில்முனைவோர்க்குச் சுமையைக் குறைக்கும். பாதுகாப்பு அலுவலர் 1,000 தொழிலாளருக்குத் தேவை என்றிருந்தது 500 ஆகக் குறைந்துள்ளது. பணியிடத்தில் இறப்பு நேர்ந்து தண்டம் விதிக்கப்பட்டால், அதில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்தினர்க்கு வழங்க நீதிமன்றம் பணிக்கலாம்.

எனினும் தொழிற்சாலை என்பதன் வரம்பு 10, 20 என்பதிலிருந்து முறையே 20, 40 ஆக உயர்ந்தது. இராஜஸ்தான் 2014இல் செய்த மாநிலத் திருத்தத்தின் வழியே இது. பத்துப் பேர் பணியாற்றும் ‘நிறுவனங்களுக்கு’ வேலையளிப்போரின் பொதுக் கடமைகள் பொருந்தும் என்பதும், அபாயகரமானவை என ஒன்றிய அரசு அறிவிக்கும் தொழில்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கன. ஆனால் தொழிற்சாலைக்குரிய தனி விதிகளின் காப்பு, பத்து முதல் பத்தொன்பது பேர் வரையுள்ள தறிக்கூடத்திற்கு இல்லாமற்போகிறது. 1881 முதல் 1948 வரை படிப்படியாகத் தாழ்ந்து வந்த எண் முதன்முறையாக ஏறியுள்ளது.

விலக்களிக்கும் அதிகாரமும் விரிந்துள்ளது. பழைய சட்டத்தின் பிரிவு 5 பொது நெருக்கடிக் காலத்தில் மட்டுமே விலக்களிக்க இடந்தந்தது. பெருந்தொற்றும் அதனால் வந்த பொருளாதார மந்தமும் அத்தகைய நெருக்கடி ஆகா என உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று குஜராத் வழக்கில் தீர்ப்பளித்தது. புதிய சட்டமோ வேலைவாய்ப்பைப் பெருக்கும் நோக்கில் புதிய தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கலாம் என்கிறது. இத்தகைய நெகிழ்வு தமிழகத்தில் எளிதில் ஏற்கப்படுவதில்லை. வேலை நேர விதிகளைத் தளர்த்த 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேற்றப்பட்ட திருத்த முன்வரைவு தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால், மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது.

முடிவுரை

தொழிற்பாதுகாப்புச் சட்டத்தை எளிமையாக்குதல் மூன்று வகையில் நிகழலாம் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. சட்டங்களை ஒருங்கிணைப்பது முதல் வகை, இது வரவேற்கத்தக்கது. காப்பின் எல்லையைச் சுருக்குவது இரண்டாம் வகை. இதில் எளிமை அடைவது நிருவாகமே, பணியிடம் அன்று. சட்டத்தைத் தொழிலாளர் தம் மொழியில் படித்தறியச் செய்வது மூன்றாம் வகை. பிரிவு 108 காட்டிய இவ்வழி வளர்க்கப்படவில்லை.

மாநில விதிகள் வழியாகச் செய்யத்தக்கன உள்ளன. கூடத்தின் ஆள் எண்ணிக்கையை விட்டு, தூசி, இரைச்சல், இயந்திரத் தடுப்பு ஆகிய இடர்களை அளவுகோலாகக் கொண்டு விசைத்தறிகளுக்கு ஒரு பக்க அளவிலான தமிழ் நெறிமுறை வகுக்கலாம். ஒரே முற்றத்துக் கூடங்களை ஒன்றாகக் கணக்கிடலாம். ஆண்டுதோறும் நடத்தப்படும் மருத்துவச் சோதனையில் நுரையீரல், செவித்திறன் ஆய்வுகளைச் சேர்த்து, அதன் பயனைச் சத்திரப்பட்டித் தறிக்கூடத்திற்கும் நீட்டிக்கலாம். ஆலைக்கும் கூடத்திற்கும் பஞ்சுத்தூசி ஒன்றே. அதனைச் சுவாசிப்போர் இருபதுக்குக் குறைந்தால் அதன் தீங்கு குறைவதில்லை.