வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

நம் சங்கத்து ஆண்டு விழாக்களிலே பேச்சுப் போட்டிக்குக் குறைவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மண்டபம் நிறைந்த கூட்டங்களை நாம் கண்டிருக்கிறோம். முன்வரிசையிலே பெரியோர், பின்வரிசையிலே இளைஞர். பேசுவோர் ஒலிபெருக்கியின் முன் நின்று, மனனஞ் செய்ததைப் பிசகின்றி ஒப்புவித்து இறங்குகின்றனர். கைதட்டலும் கிடைக்கின்றது. ஆயினும் வீடு திரும்பும் வழியிலே, பேசியது என்ன என்று கேட்டால், "நன்றாகத்தான் பேசினார்" என்பதற்கு மேல் மறுமொழி வருவதில்லை. இதனை எண்ணும்போதெல்லாம் எமக்கு நினைவிற்கு வருவது 1847ஆம் ஆண்டின் கடைசி நாள்.

அந்த டிசம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நல்லூர் ஆறுமுகம் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. 'நாவலர்' என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியது பின்னர், 1849இலே.

கோயிலிலே ஒருவர் பேசுவது என்ன புதுமை என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். அதுவரை கோயில்களிலே வழங்கியது புராண படனம். ஒருவர் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். பாட்டு எங்கே போகின்றதோ பேச்சும் அங்கே போகும். முன்னே இருப்பவர்களுக்கு இன்று வேண்டுவது யாது என்று தெரிந்து, ஒரு பொருளை எடுத்து, வசனத்திலே விரித்துரைக்கும் முறையைப் பாதிரிமாரே கையாண்டு வந்தனர். அம்முறையை நாவலர் மிக அருகிலிருந்து அறிந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணை நின்றவர். முதற் பிரசங்கம் நிகழ்ந்த நாளிலும் அவருக்குச் சீவனம் அந்தப் பாடசாலையிலேதான். 1848இலேதான் அப்பதவியைத் துறந்தார். ஊதியத்திற்கு ஊறு நேரலாம் என்று தெரிந்தே அவர் வாய் திறந்தார்!

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களையும் நோக்குவோம். சிவலிங்க வழிபாடு, தீட்சை, கொல்லாமை, தானம், பசுக்காவல் ஆகியவற்றோடு மதுபானமும் பிறர்மனை நயத்தலும் இருந்தன. மாற்றாரை மாத்திரம் ஏசியிருந்தால் கைதட்டல் எளிதிலே கிடைத்திருக்கும். அவரோ முன்னே இருந்த சைவர்களின் குறைகளையே முன்வைத்தார். கோயில்களை நடத்தினோரையும் பிற்காலத்திலே விட்டுவைக்கவில்லை. அதனால் பகையும் தேடிக்கொண்டார். அவர் சொல்லிய யாவும் இன்று நமக்கு உடன்பாடாகுமா என்பது வேறு வினா. சாதி ஒழுங்கிலே அவர் கொண்டிருந்த கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் தம் முன்னே இருப்பவர் யார் என்று அறியாமல் அவர் பேசியதில்லை.

சொல்லோடு நில்லாதவர் என்பதும் கேட்போரை அவர்பால் ஈர்த்திருக்க வேண்டும். முதற் பிரசங்கத்தை அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பஞ்சமும் கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தை வாட்டிய காலத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். 1879இலே சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் வரவேண்டும் என்று அவர் முன்னின்றபோது, அக்குரலுக்கு வலு இருந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நாவலர் மறைந்தார்.

அந்த இராமநாதனின் தமையனார் குமாரசுவாமி 1897 ஜனவரி 15ஆந் திகதி கொழும்புத் துறையிலே வேறொரு சொல்வல்லாரை மாலையிட்டு வரவேற்றார். சிக்காகோவிலே 1893இலே புகழ் பெற்று, மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகளே அவர். மறுநாள் மாலை புளோரல் மண்டபத்திலே பேசினார். 18ஆந் திகதி பொது மண்டபத்திலே வேதாந்தம் பற்றிப் பேசினார். பேச்சு ஆங்கிலத்திலே. அவ்விரண்டாவது கூட்டத்திலே நம் நாட்டவர் சிலர் ஐரோப்பிய உடையிலே இருப்பதைக் கண்ட சுவாமிகள், எடுத்த பொருளை விட்டு, பிறரைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார் என்று அவர் வரலாறு கூறும். எழுதிவைத்த தாளிலே அக்கண்டனம் இருந்திருக்க முடியாது. உடை அணிந்து வந்தவர்களுக்கு அன்று எப்படி இருந்ததோ!

அவர் பெயராலே 1902இலே கொழும்பிலே தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பக்கத்து மக்களுக்கு நன்கு பழகியது. வெள்ளவத்தையிலே இராமகிருஷ்ண மிஷன் இருக்கின்றது. ஆகவே நல்ல பேச்சைக் கேட்கும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று.

நம் மேடைக்கு உள்ள சங்கடம் ஒன்றையும் மறைப்பதற்கில்லை. வண்ணார்பண்ணையிலே இருந்தோர் ஒரே மொழியிலே வளர்ந்தோர். நம் மண்டபத்திலோ தேவாரத்தை ஓதி வளர்ந்த பாட்டனாரும், பள்ளியிலே ஆங்கிலத்திலே பயிலும் பேரனும் அடுத்தடுத்து இருக்கின்றனர். பாட்டனாருக்குப் பேசினால் பேரன் கைத்தொலைபேசியை எடுக்கிறான். பேரனுக்குப் பேசினால் பாட்டனார் கண்ணயர்கிறார். இருவருக்கும் எட்டும் எளிய வசனம் நமக்கு இன்னும் கைவரவில்லை.

வரும் ஆண்டுப் போட்டியிலே, பேசி முடித்தவரிடம் சபையோர் ஒரு வினாக் கேட்கவும், அவர் தாளின்றி மறுமொழி கூறவும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாமா என்று செயற்குழுவினரைக் கேட்டிருக்கிறோம். முதல் வினாவைப் பின்வரிசையிலிருந்தே கேட்க வேண்டும் என்பது எம் விருப்பம்.