1429: வலங்கையும் இடங்கையும் கைகோத்த ஆண்டு

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் இராசகோபுரத்தைக் கடந்து உட்செல்வோர் முதலில் காணும் சன்னிதிகளுள் ஒன்று கம்பத்து இளையனார் சன்னிதி. அருணகிரிநாதரின் வேண்டுதலுக்கு இரங்கி முருகன் அங்கே தூணில் காட்சி தந்தான் என்பது தலவரலாறு. அக்காட்சியைக் கண்ட மன்னன் பார்வை இழந்தான்; அதனை மீட்கப் பாரிசாத மலர் கொணரச் சென்ற அருணகிரியார் கிளியுருக் கொண்டார் என்று கதை தொடர்கிறது. அம்மன்னன் பெயர் பிரபுடதேவ மாராசன். அருணகிரியாரே தம் திருப்புகழ்ப் பாடலொன்றில் அவன் பெயரைச் சுட்டுகிறார். விசயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயனாகிய பிரௌட தேவராயனே இவன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அருணை நகர் இம்மன்னனை ஒரு பக்திக் கதையின் பாத்திரமாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவன் ஆட்சிக்காலத்தில், நம் ஊருக்குத் தெற்கே மணிமுத்தாற்றங்கரையிலும் காவிரிக் கரையிலும் வேறொரு செய்தியைத் தமிழ் மக்கள் கல்லில் வெட்டிவைத்தனர். அது வரிகொடா எழுச்சி பற்றிய செய்தி. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

எழுச்சியின் பின்னணியை முதலில் அறிதல் வேண்டும். பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தான். மதுரைச் சுல்தான்களுடன் நிகழ்ந்த போரில் அவன் மடிந்தபின், விசயநகர இளவரசன் குமார கம்பணன் தொண்டை மண்டலத்துச் சம்புவராயரை வென்று, 1370-களின் தொடக்கத்தில் மதுரைவரை சென்றான். வென்ற நிலம் இராச்சியங்களாகப் பகுக்கப்பட்டது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள படைவீடு அவ்வாறான ஓர் இராச்சியத்தின் தலைமையிடம். இவற்றை ஆள வந்த அதிகாரிகளிலும் படைத்தலைவர்களிலும் பலர் கன்னடமோ தெலுங்கோ பேசுவோர். சோழர் காலத்தில் நாட்டவரும் ஊரவரும் தம் நிலத்தின் விளைவறிந்து வரி நிர்ணயத்தில் பங்குகொண்ட நிலை தளர்ந்தது. அரசனுக்குப் படை தரும் பொறுப்பேற்றுச் சீவிதமாக நிலம் பெற்றவன், தன் உரிமை நீடிக்கும் காலத்துக்குள் இயன்றதை ஈட்டிக்கொள்ள முனைந்தான்.

இச்சுமை யார்மேல் விழுந்தது? இங்கேதான் வலங்கை, இடங்கை என்னும் பிரிவுகள் வருகின்றன. சோழர் காலத்திலிருந்தே தமிழகத்துக் குடிகள் பல இவ்விரு கைகளாகப் பிரிந்து நின்றன. வேளாண்மை சார்ந்தோர் பலர் வலங்கையிலும், கம்மாளர் முதலிய கைவினைஞர் இடங்கையிலும் இருந்தனர் எனப் பொதுப்படக் கூறலாம். எனினும் எல்லைகள் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறின. ஒவ்வொரு கையிலும் 98 குலங்கள் என்பது மரபு வழக்கே. எண்ணிப் பார்த்த தொகையன்று. திருவிழாவில் யார் எந்தக் கொடி பிடிப்பது, எந்தத் தெருவில் ஊர்வலம் போவது என்பன போன்றவற்றில் இரு கையினரும் பின்னாளில் ஓயாமல் மோதிக்கொண்டனர்.

மோதலுக்கே பெயர் போன இவ்விரு கையினரும் 1429-இல் ஒன்றாகக் கூடினர். விருத்தாசலம், பெண்ணாகடம், திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களில் இதனையொட்டிய கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. இவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்து, இது பரந்துபட்ட சமூக எழுச்சி என நிறுவியோர் சப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆவர்.

விருத்தாசலம் கோயிலில் கூடியவர்களின் முடிவு இது. அரசனின் அலுவலரும் சீவிதக்காரரும் தம்மைத் துன்புறுத்துகின்றனர். காணியாளரும் அவர்களோடு சேர்ந்து வரி தண்டுகின்றனர். ஆகவே வலங்கையாரும் இடங்கையாரும் அவர்களுக்கு அடைக்கலம் தருதல் கூடாது. இந்நாட்டில் பிறந்தோர் எவரும் அவர்களுக்குக் கணக்கெழுதுதல் கூடாது. இதனை மீறி நாட்டுக்கு இரண்டகம் செய்பவன் குத்திக் கொல்லப்படுவான்.

கணக்கெழுதக் கூடாது என்னும் விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. அம்பியிலிருந்து ஆளும் அரசனுக்குத் தமிழகத்து வயலின் அளவு தெரியாது. புதிதாக வந்த அதிகாரிக்கும் தெரியாது. எந்த நிலம் யாருடையது, எவ்வளவு விளையும் என்பது ஊர்க்கணக்கின் ஓலையிலும் எழுதுவோன் நினைவிலுமே இருந்தது. அவன் எழுத்தாணியைக் கீழே வைத்தால் வரியமைப்பு முழுவதும் குருடாகும். 1381-இல் இங்கிலாந்தில் தலைவரிக்கு எதிராகக் கிளர்ந்த உழவர்கள் பண்ணை ஆவணங்களைத் தீயிட்டனர். நம்மவர் ஆவணம் உருவாகாமலே தடுக்க முனைந்தனர். இரு சாராரும் அதிகாரத்தின் நாடி எங்கே துடிக்கிறது என்பதை அறிந்திருந்தனர்.

கொறுக்கைக் கல்வெட்டு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. விளைவுக்கேற்ப வரி வாங்காமல் முறைகேடாக வாங்கியதால் ஊரைவிட்டு ஓடிப்போக எண்ணினோம். மண்டலத்தார் நாம் ஒன்றுபடாமையால்தான் இந்த அநியாயம் நேர்ந்தது என்று உணர்ந்தோம். இனி விளைவுக்கேற்ற நியாயமான வரியையே கொடுப்போம் என்பது அதன் சாரம். தொடர்ந்து பயிர்களுக்கும் தொழில்களுக்கும் வரி விகிதங்களைத் தாமே வரையறுக்கின்றனர்.

இலக்கிய அன்பர்களுக்கு இவ்விடத்தில் பிசிராந்தையார் நினைவுக்கு வருவார். வயலை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானையே வயலில் புகுந்தால் உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று அவர் பாண்டியன் அறிவுடைநம்பிக்குக் கூறியது புறநானூற்றின் 184-ஆம் பாட்டு. அங்கே புலவர் மன்னனுக்கு எடுத்துரைக்கிறார், குடிகள் பேசவில்லை. 1429-இல் இடையில் நிற்கப் புலவர் எவருமில்லை. கவளத்தின் அளவைக் குடிகளே கல்லில் எழுதினர். எதிரே இருந்த மன்னன், கல்வெட்டுகளில் ‘கஜவேட்டை கண்டருளிய’ என்னும் விருதைத் தாங்கியவன்.

இதனைப் புரட்சி எனலாமா? மன்னனை நீக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. முடியாட்சிக்கு மாற்றாக ஒன்றை அவர்கள் எண்ணியதற்கும் சான்றில்லை. அதேபோல் 1428-இல் சப்பானில் கிளர்ந்த உழவர்களும் கடன் ஒழிப்பையே கோரினர். நாரா நகரருகே யாகியூ என்னுமிடத்தில் நான்கு ஊர்களின் பழங்கடன் ஒழிந்தது என்று பாறையில் வெட்டிவைத்தனர். ஆனால் வரி விதிக்கும் உரிமை அரசுக்கே உரியது என்றிருந்த காலத்தில், எது நியாயமான வரி என்பதை நாங்களே சொல்வோம் என்பது ஆட்சியின் அடித்தளத்தையே தொடும் கூற்று. அவ்வகையில் இதனை மக்கள் எழுச்சி எனத் தயங்காமல் அழைக்கலாம்.

பின்விளைவு இருவகைப்பட்டது. 1440-களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஸ்ரீமுஷ்ணக் கல்வெட்டு, புதிய ஆட்சி தொடங்குந்தோறும் இரு கையினரிடமும் அமைச்சர்கள் வலிந்து காணிக்கை பெற்றதையும், அதனால் குடிகள் வெளியேறி, கோயில் பூசைகள் நின்று, நாடு நோயுற்றதையும் ஒப்புக்கொண்டு அவ்வழக்கத்தைத் தடுக்கிறது. அரசே தன் ஆணையில் இத்தகைய நிலைமையை ஏற்றுக்கொண்டது சிறு வெற்றியன்று. அதே வேளையில், பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் குடிகள் ஓடவேண்டியிருந்தது என்பதையும் அதுவே காட்டுகிறது.

மறுபுறம், ஒற்றுமை நிலைக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்கோளர் தண்டும் சங்கும் பயன்படுத்தும் உரிமை பெற்றதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இத்தகைய சிறப்புரிமைகள் நியாயமானவையே. ஆயினும் அவை தனித்தனிச் சமூகங்களுக்கு அளிக்கப்பட்டவை. எல்லோருக்குமான வரி நியாயம் என்னும் கோரிக்கை, எமக்கான பல்லக்கு என்னும் கோரிக்கையாகச் சுருங்கியது. 1707-இல் சென்னையில் ஊர்வலத் தெருக்களுக்காக இரு கையினரும் மோதியபோது ஆளுநர் தாமஸ் பிட் நடுவராக நின்று எல்லை வகுத்தார். தம் வரியைத் தாமே வரையறுத்தோரின் வழித்தோன்றல்கள், தம் தெருவை வரையறுக்க வேற்று நாட்டு வணிகக் குழுமத்தை நாடவேண்டியதாயிற்று.

திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் தொகுத்து வெளியிட்டது. வல்லாளன் முதல் நாயக்கர்வரை பலர் அளித்த கொடைகளை அத்தொகுதியில் காணலாம். அக்கொடைகளின் பின்னே நெல்லளந்தவர்கள், நெய்தவர்கள், கணக்கெழுதியவர்கள் இருக்கின்றனர். அவர்கள் தம் குரலிலேயே பேசிய கற்கள் தமிழகத்தில் மிகச் சிலவே. விருத்தாசலம் செல்லும் அன்பர்கள் பழமலைநாதரைத் தொழுதபின், 1429-இல் அக்கோயிலில் கூடியவர்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.