ஸ்டியரிங்குக்கு வேலையில்லாத கார்

பி.டபிள்யூ.ஐ.யாக, அதாவது தண்டவாளத்தைச் சோதித்துப் பராமரிக்கும் இன்ஸ்பெக்டராக, தள்ளு டிராலியில் லைன் பார்த்தே காலம் கழித்தவன் நான். அதனால் அமெரிக்க ரயில்வே அதிகாரிகள் லைன் பார்த்த விதத்தைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமைதான். ஒருகாலத்தில் அவர்களுக்கென்றே தனி நீராவி இன்ஜின் இருந்தது. பாய்லரைச் சுற்றிக் கூண்டு கட்டி, நாற்காலி போட்டு, கண்ணாடி ஜன்னல் வைத்திருப்பார்கள். சொகுசுதான், ஆனால் நீராவி ஏற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஃபயர்மேன் சம்பளம் வேறு. 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்து கார் விலை இறங்க இறங்க, அந்த இன்ஜின்களுக்கு மவுசு போயிற்று.

காரைத் தண்டவாளத்தில் ஏற்றுவது அங்கே சுலபம். மாடல் டி சக்கரங்களின் இடைவெளி 56 அங்குலம். அவர்கள் தண்டவாளத்தின் இடைவெளி 56½ அங்குலம். டயரைக் கழற்றி, விளிம்பு வைத்த இரும்புச் சக்கரம் மாட்டினால் ஓடிவிடும். கொலராடோ மலைகளில், இந்த இடைவெளி பொருந்தாத மூன்றடி கேஜில் ஓடிய ரியோ கிராண்ட் சதர்ன் கம்பெனிகூட ஒரு மாடல் டியை லைன் பார்க்கும் வண்டியாக்கியது. பிறகு 1931இல் ப்யூக் காரை மாற்றித் தபாலும் பயணிகளும் ஏற்றிய ‘கேலப்பிங் கூஸ்’ வண்டியைக் கட்டியதும் அதே கம்பெனிதான்.

ஸ்டியரிங்குக்கு வேலை கிடையாது; வளைவைத் தண்டவாளமே பார்த்துக்கொள்ளும். சிக்கல் திரும்பி வருவதில். வந்த வழியெல்லாம் ரிவர்ஸ் கியரிலா போவது? அதற்காகப் பல கார்களின் வயிற்றுக்கு நடுவே ஒரு ஜாக்கி வைத்தார்கள். அதை இறக்கி ஊன்றினால் கார் மேலே எழும்பும். ஆட்கள் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள, அந்தரத்தில் அரைவட்டம் சுற்றி மறுதிசை பார்க்கும்.

பின்னாளில் மின்னசோட்டாவின் ஃபேர்மான்ட் கம்பெனி டயரைக் கழற்றும் வேலையையும் ஒழித்தது. அவர்களுடைய ‘ஹை-ரெயில்’ முறையில், முன்னும் பின்னும் இறக்கி ஏற்றும் சிறு இரும்புச் சக்கரங்கள் வழிகாட்ட, ரப்பர் டயரே வண்டியைத் தள்ளும். லெவல் கிராசிங்கில் ஏறலாம், அடுத்த கிராசிங்கில் இறங்கிச் சாலையில் போகலாம். இங்கே அது அவ்வளவு சுலபமில்லை: நம் 1676 மி.மீ. அகலப்பாதையில் சாதாரண ஜீப்பின் டயர் தண்டவாளத்தின் மேல் உட்காராது.

ஆனால் பொறாமை அவ்வளவோடு சரி. இரண்டு டிராலிமேன்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளும் வேகத்தில், ஜாயின்ட்டில் போல்ட் தளர்ந்திருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். உடனே இறங்கிக் குனிந்து பார்க்கலாம். கார் வேகத்தில் செக்‌ஷன் முழுவதும் தெரியும், ஸ்லீப்பர் தெரியாது. இன்றும் தண்டவாளப் பிடிப்புகளைச் சரிபார்க்கும் கீமேன் சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிக்கொண்டு நடந்துதான் லைன் பார்க்கிறார். எத்தனை மோட்டார் வந்தாலும் அந்த நடையை ரத்து செய்யக் கூடாது என்பதே என் கட்சி.