குழந்தைகளுக்கான வீட்டுவழி நோய் ஆதரவு சிகிச்சை: ஒரு வரலாறு

உயிருக்கு ஆபத்தான அல்லது குணப்படுத்த இயலாத நோயுடன் வாழும் குழந்தையின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, வலிப்பு முதலிய தொல்லைகளை வீட்டிலேயே தணித்து, பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் துணைநிற்கும் மருத்துவப் பணி வீட்டுவழி நோய் ஆதரவு சிகிச்சை எனப்படும். 'பாலியேட்டிவ் கேர்' என்ற பெயரும் நம்மிடையே வழங்குகிறது. சாகப்போகிறவர்களுக்குத்தான் இது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உலக சுகாதார நிறுவனம் 1998இல் குழந்தைகளுக்கெனத் தந்த வரையறையின்படி, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே இது தொடங்க வேண்டும். குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கலாம். புற்றுநோய் மட்டுமன்றி மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, தலசீமியா, எச்.ஐ.வி. போன்றவையும் இதில் அடங்கும். ஆகவே சில குழந்தைகளுக்கு இது சில வாரங்கள். சிலருக்குப் பல ஆண்டுகள்.

தொடக்கம்

நவீன ஹாஸ்பிஸ் இயக்கம் 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸிலிருந்து கணக்கிடப்படுகிறது. அது முதன்மையாகப் பெரியவர்களுக்கானது. குழந்தைகளுக்கான பணி பிறந்தது கட்டடத்தில் அன்று, வீட்டில்.

1970களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகச் செவிலியர் பேராசிரியை ஐடா மார்ட்டின்சன், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருந்த குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்க முடியுமா என்று ஆராய்ந்தார். அவருடைய முறையில் முதன்மைப் பராமரிப்பாளர் பெற்றோரே. செவிலியர் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். இரவோ பகலோ அழைத்தால் வருவார். மருத்துவர் ஆலோசகராக இருப்பார். 1978இல் வெளியான ஆய்வு முடிவுகள், பெரும்பாலான குடும்பங்களால் இது இயலும் என்று காட்டின. அந்தக் காலத்தில் துணிச்சலான யோசனை இது. இன்றுவரை உலகில் நடக்கும் வீட்டுவழிப் பணிகளின் எலும்புக்கூடு இதுதான்.

உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ் என்று சொல்லப்படும் ஹெலன் ஹவுஸ் 1982இல் ஆக்ஸ்போர்டில் திறக்கப்பட்டது. மூளைக் கட்டியால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஹெலன் என்ற சிறுமியை அவளுடைய பெற்றோர் வீட்டில் வைத்துப் பார்த்துவந்தனர். அவர்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்க, அருட்சகோதரி பிரான்சிஸ் டொமினிகா அவ்வப்போது அவளைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததே அந்த இல்லம். வீட்டுக்கு மாற்றாக அன்று, வீட்டில் பார்ப்பவர்கள் களைத்துவிடாமல் இருப்பதற்காகவே அது எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மார்ஃபின் சிக்கல்

இந்தியாவில் இந்த வரலாறு பெரும்பாலும் ஒரே ஒரு மருந்தின் வரலாறு. கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் இன்றியமையாதது, விலையும் குறைவு. அரசு உரிமத்துடன் அபினி பயிரிடும் நாடு நம்முடையது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபினி ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகளில் மார்ஃபின் பயன்பாடு வெகுவாகச் சரிந்தது. தண்டனை கடுமை, மாநிலத்துக்கு ஒரு விதி, பல உரிமங்கள் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். மருந்துக்கடையும் மருத்துவமனையும் 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கின. போதைக்காரரைப் பிடிக்க விரித்த வலையில் நோயாளிகள் சிக்கினர். அந்த மருந்து இல்லாமல் கடும் வலியில் துடிக்கும் குழந்தையை வீட்டுக்கு அனுப்பி, 'நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று தாயிடம் சொல்வதில் பொருளே இல்லை.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றியமையாத போதை மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதியும், பல உரிமங்களுக்குப் பதிலாக ஒற்றை அனுமதியும் வந்தன. இதற்கு முன்பே, 2012இல், குழந்தைகளின் வலிக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் மாற்றியிருந்தது. பழைய மூன்று படிகள் இரண்டாயின. இடைப்படியிலிருந்த கோடீன் நீக்கப்பட்டது. குறைந்த வலிக்குப் பாராசிட்டமால் அல்லது ஐபுபுரூஃபன். அதற்கு மேல் நேராக மார்ஃபின். அளவு குழந்தையின் எடையையும் வயதையும் பொறுத்தது. வலி வந்தபின் தேடிக் கொடுக்காமல், கடிகாரம் பார்த்து, கூடுமானவரை வாய்வழியே கொடுக்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் குழந்தை அடிமையாகிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. எனினும் பல பெற்றோர் இந்த அச்சத்தாலேயே மருந்தைக் குறைத்துக் கொடுக்கின்றனர்.

கேரளமும் பிற மாநிலங்களும்

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986இல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன். ஆனால் வீட்டுவழிப் பணிக்குப் பாதை போட்டது கோழிக்கோடு. அங்கே 1993இல் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய மருத்துவர்களும் நண்பர்களும் வலி மற்றும் நோய் ஆதரவுச் சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் ஊர்மக்களே தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, வாரந்தோறும் நோயாளி வீடுகளுக்குச் செல்லும் வலைப்பின்னல் மலப்புரம் பகுதியிலிருந்து வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது. ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்புகின்றன. தில்லியில் 1996இல் உருவான கேன்சப்போர்ட்டும் வீடு தேடிச் செல்லும் குழுக்களையே நம்பியது. குழந்தைகளுக்கென்றே தனித்திட்டம் மகாராட்டிரத்தில் 2010இல் தொடங்கியது. அதன் ஊரக மையம் பழங்குடியினர் வாழும் ஜவ்ஹாரில் அமைந்தது.

தமிழ்நாடும் அறந்தாங்கியும்

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, குழந்தைகள் புற்றுநோய்ச் சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்று. சிகிச்சை சென்னையில், வீடு எங்கோ. அறந்தாங்கி வட்டாரத்துக் குடும்பம் தஞ்சாவூர், மதுரை, சென்னை என்று அலைய வேண்டும். 2017இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் அலைச்சல் ஓரளவு குறைந்தது. ஆனாலும் 'இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்' என்று சொல்லப்பட்ட பிறகு வீடு தேடி வருபவர் யார் என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றி இருந்தது.

2021 ஆகஸ்ட் 5இல் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதற்கு ஒரு விடை. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவது இதன் சிறப்பு. பெரும்பாலும் முதியோரையே மனத்தில் வைத்து எழுந்த திட்டம் என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டார் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தாமாகச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. மருத்துவக் கட்டுரைகள் இதை அதிகம் பேசுவதில்லை. நடமாட முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் ஏற்பாடு உள்ளது. அக்குழந்தையின் பெயர் பள்ளி வருகைப்பதிவேட்டில் நீடிக்கும். படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு 'நான் ஐந்தாம் வகுப்பு' என்று சொல்லிக்கொள்ள முடிவது சிறு செய்தி அன்று. அதே வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அடிக்கடி விடுப்பு எடுக்கும் அக்காளை முதலில் கவனிக்கக்கூடியவரும் வகுப்பாசிரியரே. செவிலியர் மாதத்தில் சில நாள் வருகிறார். அந்தப் பெண்ணை ஆசிரியர் தினமும் பார்க்கிறார்.