கழித்தல் கணக்கு

ஹல்ஸ்–டெய்லர் பல்சர் என்று ஒன்று உண்டு. பாடநூல்களில் அந்தப் பெயரிலேயே வரும். பெல் பல்சர் என்று யாரும் எதையும் சொல்வதில்லை. இத்தனைக்கும் முதல் பல்சரைக் கண்டெடுத்தவர் ஜோஸ்லின் பெல். அவர் கண்டெடுத்ததற்குக் கிடைத்தது சிபி 1919 என்ற எண் மட்டும். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையைப் பல்சர்களைக் கொண்டு சோதித்த கதையை வழக்கமாக 1974இல் தொடங்குவார்கள். நான் வகுப்பில் 1967இல் தொடங்குகிறேன்.

பல்சர் என்றதும் என் மாணவிகளுக்கு அண்ணன் தம்பிகளின் பைக்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது: பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சாகும்போது மிஞ்சும் கருதான் பல்சர். சூரியனைவிட எடை அதிகம். குறுக்களவோ இருபது கிலோமீட்டர் சுமார்தான். அது சுழலச் சுழல, அதன் ரேடியோ கற்றை கலங்கரை விளக்கம்போல நம்மைத் தொட்டுத் தொட்டுப் போகும். அந்தத் துடிப்பு கடிகாரம்போலச் சீரானது.

ஜோஸ்லின் பெல் வட அயர்லாந்தின் லர்கனில் படித்தவர். அங்கே பள்ளியில் அறிவியல் வகுப்புக்குப் பையன்களை அனுப்பிவிட்டு, பெண்களைச் சமையல் வகுப்புக்கு அனுப்பினார்கள். அவருடைய பெற்றோர் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் அவருக்கு அறிவியல் வகுப்பில் இடம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, நான்கரை ஏக்கர் வயலில் கம்பங்களை நட்டு, ஒயர்களை இழுத்துக் கட்டிய தொலைநோக்கி வேலையில் இரண்டு ஆண்டுகள் சம்மட்டி பிடித்தார். தொலைநோக்கி ஓடத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு நூறடிக் காகிதம் கக்கியது. அத்தனையையும் கண்ணால் பார்த்து அலசுவது அவர் பொறுப்பு. 1967 ஆகஸ்டில், கால் அங்குல அகலத்துக்கு ஒரு கிறுக்கல். விண்மீன்போலவும் இல்லை, பக்கத்துச் சாலை வண்டிகளின் இரைச்சல்போலவும் இல்லை. அதே கிறுக்கல் வானத்தின் அதே இடத்திலிருந்து முன்பும் வந்ததை அவர் நினைவில் வைத்திருந்தார். நவம்பரில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு தெளிவாக விழுந்தது.

1968 பிப்ரவரியில் கட்டுரை வெளியானது. செய்தியாளர்கள் வழிகாட்டியிடம் அறிவியல் கேட்டார்கள். அவரிடம் காதலர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். 1974 நோபல் பரிசு வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. அதில் தனக்கு வருத்தமில்லை என்று பெல் பலமுறை சொல்லியிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. கணக்கு அதோடு தீர்ந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஏனென்றால், அதே 1974இல், அரெசிபோ தொலைநோக்கியில் இன்னொரு ஆய்வு மாணவர் ஒரு பல்சரைக் கண்டெடுத்தார். ரஸ்ஸல் ஹல்ஸ் அவர் பெயர்; வழிகாட்டி ஜோசப் டெய்லர். 1993இல் நோபல் வந்தபோது இருவருக்கும் சேர்ந்தே வந்தது. மாணவர் என்பது இப்போது தடையாக இல்லை. டெய்லர் அந்த விழாவுக்கு ஜோஸ்லின் பெல்லை விருந்தினராக அழைத்தார். அழைத்தது அழகுதான். ஆனாலும் விருந்தினர் நாற்காலி, விருந்தினர் நாற்காலிதான்.

ஹல்ஸ் கண்ட பல்சரில் என்ன விசேஷம்? அது தனியாக இல்லை. இன்னொரு நியூட்ரான் விண்மீனோடு ஜோடியாகச் சுற்றுகிறது. இதை விளக்க எனக்கு எங்கள் ஊர் போதும். நான் பர்லியார்க்காரி. மலைப்பாதையில் பலாவும் மங்குஸ்தானும் விற்கும் கடைகளில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பஸ்ஸைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹாரன் சத்தம் கூர்மையாக இருந்தால் வண்டி நம்மை நோக்கி வருகிறது. மழுங்கினால் விலகிப் போகிறது. பல்சர் நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்கும், விலகும்போது அகலும். அந்த நெருக்கத்தையும் அகலத்தையும் வைத்தே, கண்ணால் காணாத பாதையை வரைந்துவிடலாம். ஹல்ஸ்–டெய்லர் ஜோடி ஒரு சுற்றுக்கு எடுப்பது 7 மணி 45 நிமிடம். அந்த நேரம் ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோ விநாடி குறைந்துகொண்டே வருகிறது. ஜோடி ஈர்ப்பலைகளை வீசி ஆற்றலை இழக்க, பாதை சுருங்குகிறது. ஐன்ஸ்டீனின் கொள்கை சொன்னதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இதைவிட நல்ல ஜோடி 2003இல் கிடைத்தது. இத்தாலியில் ஆய்வு மாணவியாக இருந்த மார்ட்டா பர்காய், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கித் தரவில் அதைக் கண்டார். கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில். சில மாதங்களில் துணை விண்மீனும் பல்சர்தான் என்று தெரிந்தது. அப்படி இரண்டுமே பல்சராக அமைந்த ஜோடி அதற்கு முன் கிடைத்ததில்லை. ஒரு சுற்று வெறும் இரண்டரை மணி நேரம். புதனின் பாதை திரும்புவதில் நியூட்டன் கணக்குக்கு அடங்காத மிச்சம் நூறாண்டுக்கு 43 வில்விநாடி. அந்தச் சின்ன மிச்சம்தான் ஐன்ஸ்டீனுக்கு முதல் வெற்றி தந்தது. இந்த ஜோடியின் பாதையோ ஆண்டுக்கு ஏறக்குறைய 17 பாகை திரும்புகிறது. கனடாவின் இன்கிரிட் ஸ்டேர்ஸ் உள்ளிட்ட குழு பதினாறு ஆண்டுத் தரவைச் சேர்த்து 2021இல் வெளியிட்டது. ஈர்ப்பலைச் சோதனை 0.013 விழுக்காட்டுத் துல்லியத்தில் ஐன்ஸ்டீனுக்குச் சாதகம். இதற்கும் பர்காயின் பெயர் இல்லை. 'இரட்டைப் பல்சர்' என்பதோடு சரி.

2018இல் ஆன் ஆர்ச்சிபால்ட் செய்தது வேறு வகைச் சோதனை. ஒரு பல்சரும் ஒரு வெள்ளைக் குள்ளனும் ஒன்றையொன்று சுற்ற, அந்த இரண்டையும் வெளியே இன்னொரு வெள்ளைக் குள்ளன் சுற்றும் மூவர் குடும்பம். வெளியே இருப்பதன் ஈர்ப்பில் உள்ளே இருக்கும் இரண்டும் ஒரே மாதிரி விழுகின்றனவா? கலிலியோவின் பழைய கேள்விதான். வித்தியாசம் இருந்தாலும் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்குள்தான் என்று காட்டினார்.

இவ்வளவும் கேட்டால், ஆண்டுக்கணக்கில் துடிப்புகளை எண்ணுவது 'பெண்களுக்கே உரிய பொறுமை' என்று யாராவது பாராட்டத் தொடங்குவார்கள். எனக்கு அதில் எரிச்சல்தான். நூறடிக் காகிதத்தில் கால் அங்குலத்தைப் பிடித்தது பொறுமை இல்லை, தீர்ப்பு. இது இரைச்சல் அல்ல என்று முடிவெடுக்கும் துணிவு.

அந்தத் தீர்ப்பு இன்றும் தேவைப்படுவது கழித்தலில். துடிப்பு நேராக நம்மிடம் வருவதில்லை. வழியில் உள்ள மின்னேற்ற வாயு அதைத் தாமதப்படுத்துகிறது. அலைவரிசை குறைந்தால் தாமதம் கூடும். அதனால்தான் எங்கள் மலைக்கு வேலை வந்தது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் கட்டி முடித்தார்கள். சரிவு 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகை. எனவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட, அதை ஒரே அச்சில் உருட்டினாலே ஒரு விண்மீனை மணிக்கணக்கில் தொடரலாம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை. வாயுவின் தாமதம் இங்கே பெரிதாகத் தெரிவதால் அளந்து கழிக்க வசதி. இந்தியப் பல்சர் நேரக் கணிப்புக் குழு ஊட்டியையும், புனே பக்கத்து ஜிஎம்ஆர்டியையும் வைத்துத்தான் வேலையைத் தொடங்கியது.

இன்னொரு கழித்தல் சென்னையில் நடக்கிறது. பால்வழி மண்டலத்தின் ஈர்ப்பு பல்சரையும் நம்மையும் வெவ்வேறாக இழுக்கிறது. பல்சர் குறுக்காக நகர்வதும் சுற்று நேரத்தை மாற்றிக் காட்டுகிறது. இந்த இரண்டையும் கழிக்காமல் 76 மைக்ரோ விநாடியை ஐன்ஸ்டீனோடு ஒப்பிட முடியாது. ஹல்ஸ்–டெய்லர் சோதனை இப்போது முட்டி நிற்பதும் இங்கேதான்: துடிப்பை அளப்பதில் அல்ல, கழிக்க வேண்டிய தொகை சரியாகத் தெரியாததில். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் மஞ்சரி பாக்சி, தம் மாணவர் துருவ் பாதக்குடன் சேர்ந்து இந்தக் கழித்தலுக்கென்றே ஒரு நிரலை எழுதி 2018இல் வெளியிட்டார். கால்டின்பிஎஸ்ஆர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

போன ஆண்டு என் மாணவி ஒருத்தி கல்லூரிக் கணினியில் அதை ஓட்டிப் பார்த்தாள். ஹல்ஸ்–டெய்லர் பல்சரின் தொலைவைக் கூட்டியும் குறைத்தும் போட்டாள். ஒவ்வொரு தடவையும் மிச்சம் கொஞ்சம் மாறியது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அப்போ ஐன்ஸ்டீன் சொன்னது சரியான்னு பார்க்க, அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு முதல்ல யாராவது சரியா அளக்கணுமே மேம்" என்றாள். அடுத்த தொலைவைத் தட்டிக்கொண்டே.